ஏரி நீர், மாதிரி எண் 3

சேலம்
20.01.2025

அன்புள்ள ரேவதி அக்காவுக்கு,

பிரவீனா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீ, நவீன் மாமா, பாப்பா, உன் மாமனார், மாமியார் எல்லோரும் சுகந்தானே? ஓசூரில் அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டதாக அம்மா சொன்னாள்.

இந்தத் தெர்மாகோல் பெட்டியைப் பார்த்து மிரளாதே. விஷயத்தைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை நவீன் மாமாவின் எண்ணை அழுத்தினேன். அவர் "ஹலோ" என்றதும் "சும்மாதான் மாமா" என்று வைத்துவிட்டேன். போனில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியலில் கடைசி ஆறு மாதமும் ஒரே ஓர் ஆய்வுதான். உங்கள் சிக்கசந்திரம் ஏரியை எடுத்துக்கொள்ள எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் கம்பெனிகளிலிருந்து குரோமியம் என்ற உலோகம் வெளியேறும். அது சுற்றியுள்ள ஏரிகளுக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிக்கிற தண்ணீரில் அது லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வயிறு, தோல், ஈரல் எல்லாவற்றுக்கும் கெடுதல்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குத் தண்ணீர் எடுத்துத் தர வேண்டும். முழங்காலளவு இறங்கு. கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசு. நுரை சேராமல் நிரப்பு. நான் எழுதி அனுப்பியிருக்கும் லேபிளை ஒட்டி, ஐஸ் வைத்து மூடிவிடு. ராயக்கோட்டையில் ஒன்பது மணி சேலம் பஸ்ஸில் கண்டக்டர் பூபதி அண்ணனிடம் கொடுத்தால் போதும், நான் பேருந்து நிலையத்தில் வாங்கிக்கொள்வேன். அன்றைக்கே சோதித்தாக வேண்டும், வைத்திருந்தால் மாறிவிடும்.

அக்கா, நம் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான்தான். இதுவரை நான் எழுதியதெல்லாம் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது. இது ஒன்றுதான் நானே பார்த்து எழுதப்போவது.

பாப்பாவின் இரண்டு கன்னத்துக்கும் என் முத்தம்.

உன் தங்கை
பிரவீனா


சிக்கசந்திரம்
26.01.2025

பிரியமுள்ள பிரவீனாவுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ சொன்னபடியே எடுத்திருக்கிறேன். முழங்கால் வரை இறங்கியதும் துணி துவைக்கிற பெண்கள் எல்லாம் கரையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ராயக்கோட்டையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் பெட்டியை வைத்தபோது பூபதி அண்ணன், "இன்னாம்மா இது, ஐஸ்கிரீமா?" என்றார். ஏரித் தண்ணி என்றேன். "ஏன், சேலத்துல தண்ணி தீந்துடுச்சா?" என்று பஸ்ஸே சிரித்தது.

இந்த வீட்டுக் கன்னடம் எனக்கு இப்போது பழகிவிட்டது. இங்கே கிணற்றுக்கு 'பாவி' என்று பெயர், உனக்குச் சொல்லியிருக்கிறேனா? கல்யாணமான முதல் வாரம் மாமியார், "பாவி கிட்ட போ" என்றதும் யாரைத் திட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அந்தப் பாவித் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது. ஏரிக்கரையின் காலடியில் இருக்கிறது, வெல்லம் போலத் தித்திக்கும்.

அதற்கும் மாவாதான் காரணம் என்பார்கள். மாமனாரை இங்கே மாவா என்றுதான் கூப்பிட வேண்டும். மூன்று வருடம் முன்பு கரை உடைகிற நிலைமையில் இருந்தது. மாவா ஒரு கம்பெனி காண்டிராக்டரிடம் பேசி, சும்மாவே நூற்று நாற்பது டிப்பர் மண் கொண்டுவந்து கொட்டவைத்தார். பச்சையும் சாம்பலுமான களிமண். காய்ந்ததும் கல்லாக இறுகிவிட்டது. கரைமேல் இருக்கும் கங்கம்மா கோயில் மேடையையும் அதே மண்ணில்தான் உயர்த்தினார்கள். அந்தப் பக்கம் புல்கூட முளைப்பதில்லை, நடக்கச் சுத்தமாக இருக்கிறது. திம்மப்பன் (மாவாவின் பெயர்) இல்லையென்றால் ஊரே இல்லை என்று பூசாரி இன்றும் முதல் தேங்காயை மாவா கையில்தான் கொடுக்கிறார்.

மேலே படிக்க முடியாமல் போனவள் நான். உன் படிப்பில் எனக்கும் ஒரு கேன் தண்ணீர் அளவு பங்கு இருக்கட்டும்.

இப்படிக்கு
ரேவதி


சேலம்
03.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ அனுப்பிய எள்ளுருண்டையில் பாதி விடுதிப் பெண்களுக்குப் போனது.

ஜனவரி மாதிரியிலும் பிப்ரவரி மாதிரியிலும் குரோமியம் அநேகமாக இல்லை. 0.01, 0.01. ஊருக்கு இது நல்ல செய்தி. எனக்குத்தான் சங்கடம். போன வாரம் ரிவ்யூ நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் முதல் ஸ்லைடைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏம்மா, ஏரி நல்லாயிருக்குன்னு சொல்றதுக்கா எம்.இ.?" என்று ஒருவர் கேட்டார். என் வழிகாட்டி ராஜலட்சுமி மேடம்தான் எனக்காகப் பேசினார்.

ஒரு சின்ன மாற்றம். மார்ச் 23 அன்று சோதனைக் கருவி வேறொரு மாணவருக்குப் போகிறது. அதனால் இந்த முறை ஒரு வாரம் முன்னதாக, 16ஆம் தேதியே எடுத்து அனுப்பிவிடு. அந்த நாளை விட்டால் எனக்கு வேறு நாள் இல்லை.

பாப்பாவுக்கு வண்ணப் பென்சில் வைத்திருக்கிறேன்.

உன்
பிரவீனா


சிக்கசந்திரம்
16.03.2025

பிரவீனாவுக்கு,

எல்லோரும் நலம். கேன் உள்ளே இருக்கிறது. இன்று வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ரேவதி


சேலம்
18.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமா? இந்த முறை இதை மரியாதைக்குக் கேட்கவில்லை.

உன் கேனிலிருந்து ஒரு குழாய் எடுத்து மருந்தைச் சேர்த்தேன். குரோமியம் இருந்தால் ஊதா நிறம் வரும். இரண்டு மாதமாக வெறும் தண்ணீராகவே இருந்தது. இந்த முறை நாவல் பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிட்டது. கருவி 0.46 காட்டியது. மறுபடி செய்தேன். 0.47. குடிநீருக்கான அளவைப்போல ஒன்பது மடங்கு.

மூன்றே வாரத்தில் ஒரு ஏரி முழுவதும் இப்படி மாறாது. கேன் ஏதாவது மருந்து டப்பாவோடு இருந்ததா? எந்த இடத்தில் இறங்கினாய்? மூன்று முறை அலசினாயா? நிதானமாக யோசித்து எழுது.

உன்
பிரவீனா


சிக்கசந்திரம்
28.03.2025

அன்புள்ள பிரவீனாவுக்கு,

நாங்கள் சுகம். யுகாதிக்கு வீடு வெள்ளையடிக்கிறோம். பாப்பா சுவரெல்லாம் கைவைத்து அடி வாங்கினாள்.

கேனை அலசித்தான் எடுத்தது. எப்போதும் எடுக்கிற மாதிரிதான். வேறு எதுவும் இல்லை. உன் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்.

பண்டிகைக்கு ஓசூர் போனால் அம்மாவிடம் என் புடவையைக் கேட்டு வாங்கி வை.

ரேவதி


சேலம்
02.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். புடவையை வாங்கி வைத்துவிட்டேன்.

ராஜலட்சுமி மேடம் அந்த எண்ணைப் பார்த்ததும், "ஒரு கேன்ல தப்பு நடந்திருக்கும். மூணாவதை அடிச்சிட்டு மீதியை எழுதி முடிம்மா, ஜூன்ல வைவா" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பொருந்தாத ஒரு எண்ணை விலக்குவது வழக்கந்தான்.

நான், "அடிக்க மாட்டேன் மேடம்" என்றேன்.

அவருக்குக் காதில் விழவில்லை. "இன்னா சொன்னே?" என்றார். திரும்பச் சொன்னேன். "அப்ப காரணத்தோட வா. காரணம் இல்லாம அந்த எண்ணை நான் உள்ளே விடமாட்டேன்" என்றார்.

அதனால்தான் கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. மார்ச் கேனில் லேபிள் தலைகீழாக ஒட்டியிருந்தது. முதல் நாள் நான் அதைக் கவனித்தும் பெரிதாக நினைக்கவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அப்படி ஒட்டமாட்டார். "எடுத்தேன்" என்று நீ எழுதவில்லை, "எடுத்தது" என்று எழுதியிருக்கிறாய்.

அன்றைக்குத் தண்ணீர் எடுத்தது யார், அக்கா? எங்கே எடுத்தார்கள்? நான் தேதியை மாற்றியதில் உனக்கு ஏதாவது தொந்தரவு வந்ததா? இரண்டு புது லேபிளும் கேனும் அனுப்பியிருக்கிறேன். எனக்கு மார்க்குக்காக மட்டும் இது வேண்டாம். அந்த ஊதா நிறத் தண்ணீர் உங்கள் ஊரில் எங்கேயோ இருக்கிறது. பாப்பா அங்கேதான் விளையாடுகிறாள்.

பிரவீனா


சிக்கசந்திரம்
20.04.2025

அன்புள்ள பிரவீனாவுக்கு,

சுகம். உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. தினமும் எடுத்துப் படித்துவிட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

நான் எடுக்கவில்லை. நீ மாற்றிக் கொடுத்த 16ஆம் தேதி எனக்கு வீட்டுக்கு விலக்கான நாள். அந்த மூன்று நாளும் இந்த ஊரில் பெண்கள் கரைமேல் ஏறக் கூடாது, கங்கம்மா கோயில் இருக்கிறது. அந்த நாளை விட்டால் வேறு நாள் இல்லை என்று நீ எழுதியிருந்தாய். அதனால் மாவாவிடம் கேனைக் கொடுத்தேன். கடிதத்தைப் பெட்டியில் வைத்து மூடியது உன் நவீன் மாமா. அவர் கண்ணில் படுகிற காகிதத்தில் இதையெல்லாம் எப்படி எழுதுவேன்? அப்புறம் நீ கேட்டபோது, முதலில் மறைத்ததைக் காப்பாற்ற ஒரு பொய்.

நேற்று மாவாவிடம் எந்த இடத்தில் எடுத்தார் என்று கேட்டேன்.

"நீ சொன்ன எடத்துலதான். ஏரில."

"ஏரில எந்தப் பக்கம் மாவா?"

"கீழ. பாவிக்கு இந்தாண்ட ஊறிக்கினு இருக்குதல்லா, அங்க."

"அது ஏரி இல்லியே, மாவா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாலு வருசமா இந்த வீட்ல சோறு திங்கற. கெரே எது, ஏரி எதுன்னு தெரியாதா? கெரேன்னு சொல்லியிருந்தா தண்ணிக்குள்ள எறங்கியிருப்பேன். நீ ஏரின்னல்லா படிச்சே."

பிரவீனா, நாம் ஏரி என்பதை இவர்கள் கெரே என்பார்கள். இவர்களுக்கு ஏரி என்றால் கரை. அது எனக்குத் தெரியும். வீட்டில் நானும் கெரே என்றுதான் சொல்வேன். அன்றைக்கு அவர் லேபிளைக் காட்டி, "இதுல இன்னா எழுதியிருக்குது?" என்று கேட்டதால் நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். "ஏரி நீர்." அவர் கரைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஊறுகிற இடம் சின்னது, சொம்பால் மொண்டு மொண்டு அரை மணி நேரம் நிரப்பினாராம்.

இன்று நானே போய் இரண்டு கேன் எடுத்தேன். ஒன்று கரையடி ஊற்று. இன்னொன்று நாங்கள் குடிக்கிற கிணறு. லேபிளை நேராக ஒட்டியிருக்கிறேன்.

என்மேல் கோபமா?

அக்கா


சேலம்
22.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. முந்தாநாள் சாயங்காலமே நவீன் மாமாவுக்குப் போன் செய்தேன். "கிணத்துத் தண்ணி வேணாம் மாமா" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. மிச்சத்தை இதில் எழுதுகிறேன்.

கரையடி ஊற்று 0.51. கிணறு 0.18. கிணற்றில் அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. காய்ச்சினாலும் போகாது, வடிகட்டினாலும் போகாது. தித்திப்பாக இருப்பதால் நல்ல தண்ணீர் என்று ஆகிவிடாது. குடிக்கவும் சமைக்கவும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரையே வைத்துக்கொள். பக்கத்து வீடுகளிலும் சொல்.

ஏரிக்குள் இல்லாதது கரையின் காலடியில் இருக்கிறது என்றால், அது கரைக்குள்ளிருந்துதான் வருகிறது. நீ ஜனவரியில் எழுதியதை மறுபடி எடுத்துப் படித்தேன். பச்சையும் சாம்பலுமான மண், புல் முளைக்காத இடம். முலாம் பூசும் கம்பெனிகளில் கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகு அடியில் தங்கும் சேறு அப்படித்தான் இருக்கும். அதை இதற்கென்று இருக்கும் இடத்தில்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். யாரோ அந்தச் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அந்த மண் எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று உன் மாமனாரைக் கேட்டு எழுது.

பிரவீனா


சிக்கசந்திரம்
14.05.2025

அன்புள்ள பிரவீனாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். பாப்பாவுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை.

மூன்று வாரமாகப் பதில் போடாததற்குக் காரணம், சொல்ல நல்லதாக எதுவும் இல்லை. உன் கடிதத்தை உன் நவீன் மாமா கன்னடத்தில் மாவாவுக்குச் சொன்னார். மாவா கடைசிவரை கேட்டார். "நூத்தி நாப்பது வண்டி. நின்னு எண்ணி எறக்கினவன் நான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை கிணற்றடியில் பெண்கள் எல்லாம் இருக்கும்போது வந்தார். ஒரு வாளி சேந்தி, இரண்டு சொம்பு குடித்தார். "நான் கொண்டாந்த மண்ணு. வெசம்னா மொதல்ல எனக்கு ஆவட்டும்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். "தங்கச்சிக்குப் பட்டம் வேணும்னு எங்க பாவிக்கு ஏம்மா பேர் கெடுக்கற?" என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். அன்றிலிருந்து தினமும் அவர் அதையேதான் செய்கிறார். உன் தெர்மாகோல் பெட்டியைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்.

நான் சைக்கிளில் இரண்டு குடம் கட்டி, பக்கத்து ஊரான மேலூரின் பஞ்சாயத்துக் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறேன். வீட்டில் அதில்தான் சமைக்கிறேன். மாவா சாப்பிடுகிறார், அந்தத் தண்ணீரை மட்டும் தொடுவதில்லை. எழுபது வயதில் ஒரு மனிதர் பிடிவாதத்தால் விஷம் குடிப்பதைத் தினமும் காலை ஆறு மணிக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மாட்டைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "அந்த ஊதா கலரு நெஜமா வந்துச்சா?" வந்தது என்றேன். கொஞ்ச தூரம் போய்த் தனக்குத்தானே, "ஏரி முச்சூடும் புல்லு கீது. என் மண்ணு மேலதான் இல்ல" என்றார். இன்று காலையும் இரண்டு சொம்பு குடித்தார்.

கம்பெனி எது என்று அவருக்கும் தெரியாது. காண்டிராக்டரின் பெயரை மட்டும் சொன்னார், தனிச் சீட்டில் எழுதியிருக்கிறேன்.

நீ மனு கொடு. யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைப் போடு. ரேவதி, சிக்கசந்திரம்.

அக்கா


சேலம்
24.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு குடத்தோடு மேட்டில் சைக்கிள் மிதிக்காதே, தள்ளிக்கொண்டு போ.

திங்கட்கிழமை மனு நாளுக்குக் கிருஷ்ணகிரி போனேன். தனியாகத்தான். ஆட்சியர் அலுவலகத்தில் எனக்கு முன்னால் எழுபது பேர். பேச வேண்டியதைத் தாளில் எழுதிப் போயிருந்தேன். வரிசையில் நிற்கும்போது வியர்வையில் எழுத்தெல்லாம் கலைந்துவிட்டது. என் முறை வந்தபோது பார்த்துப் படிக்க எதுவும் இல்லாததால் பேசினேன். "ஒரு நிமிசம், மெதுவா சொல்லும்மா" என்று அந்த அதிகாரி குறித்துக்கொண்டார். மெதுவாகச் சொல்லும்படி என்னிடம் ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜூன் 9 திங்கட்கிழமை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து இரண்டு பேர் கரை மண்ணையும் தண்ணீரையும் எடுக்க வருகிறார்கள். அவர்களே எடுத்தால்தான் மேலே நடவடிக்கை. மண் கொட்டிய இடத்தைக் காட்ட ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். அன்று காலைதான் எனக்கு வைவா. நான் வர முடியாது.

தேதியைப் பார்த்ததும் கணக்குப் போட்டேன், அக்கா. அது உனக்கு எப்படிப்பட்ட நாளாக இருக்கும் என்று தெரிகிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கட்டுமா? கேட்டால் ஒரு மாதம் தள்ளிப்போகலாம்.

இன்னொன்று. ஆய்வறிக்கையில் ஒவ்வொரு மாதிரிக்கும் 'சேகரித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் உன் பெயர். மூன்றாவதற்கு 'திம்மப்பன், சிக்கசந்திரம்' என்று எழுதியிருக்கிறேன். காரணம் கேட்ட ராஜலட்சுமி மேடத்திடம் கெரேயையும் ஏரியையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அந்த எண் இருக்கட்டும்" என்றார்.

உன் மாமனாரிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டு. நாம் இரண்டு பேரும் தப்பான இடத்தில் எடுத்துக்கொண்டிருந்தோம். சரியான இடத்தில் முதலில் எடுத்தவர் அவர்தான் என்று நான் சொன்னதாகச் சொல்.

பதிலுக்குக் காத்திருக்கும்
பிரவீனா


சிக்கசந்திரம்
10.06.2025

என் அருமை பிரவீனாவுக்கு,

உன் அக்காவின் ஆசீர்வாதம். எல்லோரும் நலம் என்று இன்று மனசோடு எழுதுகிறேன். நேற்று நீயே போன் செய்து, வைவா முடிந்த கதையை நாலு நிமிஷம் பேசினாயாம். பட்டம் கிடைத்ததைவிட அதைத்தான் உன் நவீன் மாமா ஊரெல்லாம் சொல்கிறார்.

தேதியை மாற்றட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டால் யோசித்துப் பயந்துவிடுவேன் என்று எழுதவில்லை. ஒரு மாதம் தள்ளினால் மாவா இன்னும் அறுபது சொம்பு குடிப்பார்.

உன் கணக்கு சரி. நேற்று எனக்கு இரண்டாம் நாள். ஜீப் வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுக் கரைக்கு நடந்தேன். மாமியார் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தார். உதறவில்லை, மெதுவாக எடுத்துவிட்டேன். கரை ஏறுகிற இடத்தில் மாவா நின்றிருந்தார். வந்த இரண்டு அதிகாரிகளும் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இருபது முப்பது பேர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள்.

மாவா குரலைத் தாழ்த்தி, "நீ இன்னிக்கி ஏரி மேல வரக் கூடாதல்லா" என்றார்.

"கங்கம்மா காலடியில அந்த மண்ணு மூணு வருசமா கெடக்குது, மாவா. அதைவிடவா நான் தீட்டு?"

கத்தவில்லை, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற பூசாரிக்கும் கேட்டுவிட்டது. அவர் கோயிலைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

மாவா ஒதுங்கி வழிவிட்டார். நான் மேலே ஏறியதும் பின்னாலேயே அவரும் ஏறினார். இடத்தை நான் காட்ட வேண்டிய வேலையே இல்லை. கைத்தடியால் தரையைக் குத்திக் குத்தி, "இங்க மொத வண்டி. இதுவரைக்கும் நாப்பது. கோயிலுக்கு இந்தாண்ட கடைசி வண்டி" என்று அவரே நடந்து காட்டினார். கடப்பாரையால் ஒரு முழம் தோண்டியதும் அந்தப் பச்சைச் சேறு அப்படியே ஈரமாக வந்தது.

படிவத்தில் எடுத்த இடம் என்ன என்று கேட்டார்கள். மாவா "ஏரி" என்றார். அவர்கள் எழுதப் போனார்கள். நான், "சார், அடைப்புக்குறிக்குள்ள கரைன்னு போடுங்க" என்றேன். போட்டார்கள். சாட்சிக் கையெழுத்தை மாவா கன்னடத்தில் போட்டார், கீழே நான் தமிழில் போட்டேன். கேனுக்கு லேபிளைக் கொடுத்தபோது மாவா வாங்கி என்னிடம் நீட்டி, "எது மேல்பக்கம்?" என்று கேட்டார். காட்டினேன். கட்டை விரலால் அழுத்தி அழுத்தி நேராக ஒட்டினார்.

நீ அனுப்பிய பக்கத்தை அவருக்கு மே மாதக் கடைசியிலேயே படித்துக் காட்டியிருந்தேன். நேற்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், "என் பேரை அங்க எழுதினாளே, காண்டிராக்டர் பேரையும் எழுதினாளா?" என்று கேட்டார். மனுவில் எழுதியிருக்கிறாள் என்றேன். தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டார். மேலூர்க் குழாய்த் தண்ணீரை மொண்டு கொடுத்தேன். சொம்பை வாங்கிக் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். பிறகு குடித்தார்.

முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவரை என்ன செய்வது, யார் கேட்பார்கள் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் ஆறு மணிக்குக் கிணற்றடியில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தால் ராட்டினத்தில் கயிறு இல்லை, வாளியும் இல்லை. பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தேன். உன் தெர்மாகோல் பெட்டி கீழே வாசலில் துடைத்து வைத்திருந்தது. அது இருந்த இடத்தில் கயிறு சுருட்டி இருந்தது, ஈரம்கூடக் காயவில்லை.

உன் அக்கா
ரேவதி